சோப்பில் பதிந்த சாவி

‘சாவிக்காரி’ என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, என் தம்பி என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. கடைச் சாவியைத் தொலைத்துவிட்டானாம். எதிர்ப் பக்கத்தில் சாவி போடுகிற பெண் வந்து திறந்து கொடுத்தாளாம். “அந்தச் சாவிக்காரி பூட்டை உடைக்கவே இல்லக்கா. ஒரு கம்பிய விட்டு, காதை வெச்சுக் கேட்டா. தொறந்துடுச்சு” என்றான். தட்டில் போட்டது ஆறிக்கொண்டிருந்தது. அவன் வாயில் அவள் பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் இன்னொரு சாவியைத் தொலைத்தான். சட்டைப் பொத்தான் ஒன்று விழுந்தால்கூடத் தரையில் தவழ்ந்து தேடி எடுக்கிற பிள்ளை அவன். அவனா சாவியைத் தொலைப்பான்? பெயர் கேட்ட அன்றே அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

எங்கள் அம்மா கண்ணை மூடியபோது அவன் கைக்குழந்தை. என் இடுப்புக் காய்த்துப்போகும்வரை தூக்கி வளர்த்தேன். அப்படி வளர்த்த பிள்ளையை ஒரு வளைந்த கம்பியைக் காட்டி அவள் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றால், எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தொழிலில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆள் நின்றால் தலை இடிக்கிற தகரக் கூண்டு. பின்பக்கம் முழுவதும் பல் வெட்டாத வெற்றுச் சாவிகள் வரிசை வரிசையாகத் தொங்கும். இயந்திரத்தை ஓட்டினால் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும்; அப்படி ஒரு கிறீச்சல். பித்தளைத் தூள் அவள் புருவத்தில் எப்போதும் மின்னும். வெட்டி முடித்த சாவியை ஊதி, நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பாள். பிசிறு இருந்தால் நாக்கு சொல்லிவிடுமாம். “கண்ணு ஏமாத்தும், நாக்கு ஏமாத்தாது” என்பாள். பிறகு அதே சாவியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சோப்பில், மெழுகில் அழுத்தி எடுத்த அச்சைக் கொண்டுவந்து சாவி கேட்டால் செய்ய மாட்டாள். திருடர்கள் வருவார்கள், புருஷன்மீது சந்தேகப்படுகிற பெண்களும் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். “சாவியக் கொண்டுவா. இல்ல பூட்டைக் கொண்டுவா. சோப்பு கொண்டுவந்தா, போய்த் துணி தொவைச்சுக்க.”

மற்றவர்கள் சந்தேகத்துக்குத்தான் இந்தக் கண்டிப்பு. அவளுடைய சந்தேகத்துக்கு வேலியே கிடையாது.

என் தம்பிக்குக் கண்ணாடிக் கடை. முகம் பார்க்கும் கண்ணாடி, படத்துக்குச் சட்டம், ஜன்னலுக்கு வெட்டிக் கொடுப்பது என்று எல்லாம் செய்வான். கடை வாசலில் ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்திருப்பான். கல்யாணமான மறுநாளிலிருந்து காலையில் அதைத் திருப்பி வைக்கிற வேலை அவளுடையது. ஒரு விரல் அளவு இப்படி, அரை விரல் அளவு அப்படி என்று நகர்த்துவாள். ஏதோ கடைக்கு அழகு பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் அவள் கூண்டில் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால், தெருவுக்கு அந்தப் பக்கம் என் தம்பி கல்லாவில் உட்கார்ந்திருப்பது அந்தக் கண்ணாடியில் முழுசாகத் தெரிகிறது. முன்னால் யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், பல் தெரியச் சிரிக்கிறார்களா, எல்லாமே.

“கண்ணாடி வாங்க வர்றவங்க கண்ணாடியத்தானே அண்ணி பாக்கணும்? கடைக்காரரை எதுக்குப் பாக்கணும்?” என்று என்னிடமே கேட்டாள்.

இது அவள் வம்சத்தில் ஓடுகிற குணம். அவளுடைய அப்பாவின் சித்தப்பா மகளை எங்கள் பெரிய மாமாவின் மச்சினனுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாளும் அப்படித்தான். புருஷனுக்குப் புரையேறினால் தண்ணீர் கொடுக்க மாட்டாள், “எவ நெனைக்கிறா?” என்று விசாரணை முடிந்த பிறகுதான் சொம்பு வரும்.

என் தம்பிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் குடித்தான். அதில் கணையம் வீங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தான். இரைப்பைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, தின்றதைச் செரிக்க வைக்கிற நீரைச் சுரக்கிற உறுப்பாம் அது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். பிழைத்து எழுந்ததும் குடியைத் தொடவே இல்லை. சாவிக்காரியும் அதைத் தெரிந்துகொண்டுதான் கட்டிக்கொண்டாள். “மறுபடி பாட்டிலைத் தொட்டீங்க, எல்லாப் பூட்டையும் மாத்திட்டுப் போயிடுவேன்” என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை.

வருஷங்கள் நல்லபடியாக ஓடின. பிறகு அவன் வெளுக்க ஆரம்பித்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரத்தம் குறைவு என்று தெரு முனை டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வீட்டிலும் அவனுக்குச் சாப்பாட்டுப் போட்டி நடந்தது. அவள் ஈரல் சமைத்தாள் என்றால் நான் கீரை சமைத்தேன். தேறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சுத்தம். பின்வழியாக விட்டுப் பார்த்தார்கள், அதுவும் சுத்தம். இரத்தம் ஏற்றி அனுப்பினார்கள். கொஞ்ச நாள் கன்னத்தில் நிறம் இருந்தது. மறுபடி வெளுத்தான்.

இதற்கு நடுவில்தான் சாவிக்காரி தன் கண்ணாடியில் ஒன்றைக் கவனித்தாள். நட்டநடுப் பகலில் அவன் கல்லாவை விட்டு எழுந்து கடையின் பின்னறைக்குள் போகிறான். அங்கே ஒரு கழிப்பறை, கழுவும் தொட்டி, மரச் சட்டங்கள் அடுக்கின மூலை, அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைப் பூட்டுகிறான். வெகுநேரம் வருவதில்லை. வரும்போது முகம் கழுவி, தலை வாரி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வருகிறான். அந்தப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஒரு பின்சந்து இருக்கிறது. சந்து இருந்தால் ஒரு ஆள் வந்து போகலாம் இல்லையா?

“வீட்ல சாப்பாட்டைக் கொறிக்கிறார் அண்ணி. வேற எங்கயோ சாப்பிடுறார்னுதானே அர்த்தம்? ஆளு எளைச்சுட்டார். ஏக்கத்துலதான் எளைப்பாங்க. போறப்ப முகத்தச் சுளிச்சுக்கிட்டுப் போறார், வர்றப்ப ஒரு சிரிப்போட வர்றார். ஏதோ பாரத்தை எறக்கி வெச்ச மாதிரி. அந்தச் சிரிப்புதான் என்னால தாங்க முடியல.”

“என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல” என்றேன்.

“எல்லா அக்காவும் இதையேதான் சொல்லுவாங்க” என்றாள்.

பின்னறைச் சாவியை அவன் உடம்பைவிட்டு எடுப்பதே இல்லை. ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனவள், கை கழுவக் குளியலறைக்குள் நுழைந்தேன். சோப்பை எடுத்தேன். அதன் முதுகில் ஒரு சாவி படுத்து எழுந்த தடம், பல்லும் காதுமாக அச்சுக் குலையாமல் இருந்தது. ஊருக்கெல்லாம் சோப்பு ஆகாது என்றவள், தன் புருஷன் தூங்குகிற நேரத்தில் அவன் சோப்பிலேயே அழுத்தி எடுத்திருக்கிறாள்! வெளியே வந்து அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

“ஆமா அண்ணி. நான்தான். சாவியும் வெட்டியாச்சு. அடுத்த தடவை அவர் உள்ள போறப்ப ஆள் அனுப்பறேன், வாங்க. உங்க தம்பியோட லட்சணத்த உங்க கண்ணால பாருங்க.”

ஆள் வந்தது. போனேன். என் தம்பி குற்றமற்றவன் என்று அவள் முகத்துக்கு நேரே நிரூபிக்கத்தான் போனேன். அவள் மூக்கு உடைவதைப் பார்க்கும் ஆசையும் இருந்தது.

கடையில் ஆள் இல்லை. பின்னறைக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே போனால் பூட்டிவிட்டுச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். அது அவளுக்கு வசதியாயிற்று. சாவியை நாக்கால் ஒரு தடவை தொட்டுவிட்டு நுழைத்தாள். சத்தமில்லாமல் திரும்பியது.

கழிப்பறைக் கதவு திறந்தே கிடந்தது. என் தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். முதுகு சுவரில், முழங்கால் இரண்டும் நெஞ்சோடு. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. உதடு சுண்ணாம்பு. பக்கத்துக் கழிப்பறைப் பீங்கானில் தார் ஊற்றின மாதிரிக் கறுப்பு. நாற்றம் ஆளைத் தள்ளியது. தண்ணீர் இழுத்துவிடக்கூட அவனுக்குக் கை எழவில்லை.

சாவிக்காரி என்ன செய்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதலில் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மரச் சட்டங்களின் சந்தில் ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் புருஷனைப் பார்த்தாள்.

“அக்கா” என்றான் அவன். “அவள வெளிய போகச் சொல்லுக்கா.”

என்னைத்தான் கூப்பிட்டான். பொண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது என்னைத்தான் கூப்பிட்டான். அந்த நாற்றத்துக்கு நடுவிலும் என் மனசில் ஒரு சர்க்கரைக் கட்டி கரைந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவள் போகவில்லை. தண்ணீர் இழுக்கும் பிடியை நோக்கி அவன் கை தடுமாறியது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதுக்கா பூட்டினீங்க? இதுக்கா இத்தன நாளா பூட்டினீங்க?”

“இரும்புச் சத்து மாத்திரையால கறுப்பாத்தான் போகும்னு சொன்னாங்கடி...”

“மாத்திரைக்கு இப்படி வேர்க்குமா?”

கண்ணாடிப் பலகை ஏற்றுகிற வண்டியில் சாக்கை விரித்து அவனைக் கிடத்தினோம். தலை என் மடியில். காலை அவள் பிடித்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் வயிற்று டாக்டரம்மா குள்ளமான, குரல் பெருத்த பெண். இவனைப் பார்த்ததும் சத்தம் போட்டாள். “தார் மாதிரிப் போனா அப்பவே வாங்க, நின்னப்புறம் வராதீங்கன்னு போன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?”

அவன் கூரையைப் பார்த்தான். “வயித்து வலின்னு சொன்னா, மறுபடி குடிக்கிறேன்னு நெனைச்சுக்குவா டாக்டர்.”

“நான் குடின்னே நெனைக்கல” என்றாள் சாவிக்காரி. “இன்னொருத்தின்னுதான் நெனைச்சேன்.”

டாக்டரம்மாவின் கையில் ஊசி அப்படியே நின்றது. பிறகு நரம்பைத் தேடினாள்.

இரத்தமும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டே உள்ளே கொண்டுபோய்க் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெளியே வந்து டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். நேராகப் பார்க்கிற குழாயில் இரைப்பை வழக்கம்போலச் சுத்தம், புண் இல்லை. பழைய கணைய வியாதி அவளுக்கு ஞாபகம் வர, பக்கவாட்டில் கண் வைத்த வேறொரு குழாயை விட்டிருக்கிறாள். கணையத்தின் நீர் குடலுக்குள் வந்து விழுகிற இடத்தில் மொட்டு மாதிரி ஒரு சின்ன வாய் இருக்கிறதாம். அந்த வாயிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

“இத்தன தடவையும் நாங்க பாக்குறப்ப அது நின்னு போயிருந்துச்சு. இன்னைக்குத்தான் கையும் களவுமா மாட்டுச்சு” என்றாள்.

சாயம் செலுத்தி எடுத்த படத்தில் மிச்சமும் தெரிந்தது. பழைய வீக்கம், பக்கத்தில் மண்ணீரலுக்குப் போகிற இரத்தக் குழாயின் சுவரை அரித்திருக்கிறது. அந்த இடம் பலூன் மாதிரி உப்பி, அவ்வப்போது பொத்துக்கொண்டு கணையத்தின் குழாய்க்குள் கசிகிறது. இரத்தம் உறைந்து அடைத்தால் வலி கூடும். அடைப்பை உடைத்துக்கொண்டு குடலில் இறங்கிவிட்டால் வலி விடும். கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்பாக வெளியே போகும். அப்புறம் பல நாளுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

“அந்தச் சிரிப்பு...” என்றாள் சாவிக்காரி என்னைப் பார்த்து. “வலி விட்டதுக்கா அண்ணி அந்தச் சிரிப்பு?”

“பெருசா வெடிச்சா என்னாகும்?” என்று டாக்டரம்மாவைக் கேட்டாள்.

“அப்ப எங்களுக்கு நேரம் இருக்காதும்மா. அதனாலதான் இன்னைக்கே அடைக்கணும்ங்கிறேன். வயித்தை வெட்ட வேண்டாம். தொடையில சின்னதா ஒரு துளை போட்டு, ரத்தக் குழாய்க்குள்ளயே மெல்லிசா ஒரு குழாயை அனுப்பி, உப்பின எடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் சுருள் கம்பி வெச்சு அடைச்சுடுவாங்க. அதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கார்.”

“முன்பக்கம் அடைச்சாப் போதாதா?”

“பின்பக்கமா ரத்தம் சுத்தி வந்துடும்.”

“அப்ப ரெண்டு பக்கமும் நல்லா அடைக்கச் சொல்லுங்க. இந்த ஆளு விஷயத்துல பின்வாசலை நான் நம்பறதே இல்ல.”

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். சாவிக்காரி சிரிக்கவில்லை. அந்தச் சோப்புச் சாவி இன்னும் அவள் கையில் இருந்தது. பெருவிரலால் அதன் பல்லை நிரடிக்கொண்டே இருந்தாள். விரல் சிவந்து போயிருந்தது.

ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் காத்திருந்தோம், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. அவள் எதை நினைத்தாளோ தெரியாது. நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தரையில் கிடந்தபோது அவன் சொன்ன முதல் வார்த்தை ‘அக்கா’. கண் விழித்ததும் கேட்கப்போவதும் அதுதான். இவள் வந்தது பாதியில். நான் அவனுக்கு ஆதியில் இருந்தே இருக்கிறவள்.

கதவு திறந்து நர்ஸ் வந்தாள். “நல்லபடியா அடைச்சாச்சு. ரத்தம் நின்னுடுச்சு. ஒருத்தர் மட்டும் வந்து பாருங்க.”

நான் எழுந்துவிட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“சாவிக்காரிங்கிறது யாரு? வந்தாளா, வந்தாளான்னு அவரு உயிரை எடுக்குறாரு.”

மாட்டின பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எழுந்தாள். உடனே ஓடினாள் என்று நினைக்கிறீர்களா? நர்ஸை மேலும் கீழும் பார்த்தாள். “உள்ள யாரெல்லாம் இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். வந்தால் தட்டு வைப்பேன். போனால் கதவைச் சாத்துவேன். எங்கே போனீர்கள் என்று நான் கேட்டதில்லை. நீ எங்கே போனாய் என்று அவரும் கேட்டதில்லை. சண்டை போடாத ஜோடி என்று சொந்தபந்தம் முழுவதும் எங்களை மெச்சியது. அவர் சாகிறவரைக்கும் என் சோப்பில் ஒரு தடமும் விழவில்லை. அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அது ஏன் ஞாபகத்துக்கு வந்தது என்று தெரியவில்லை. வந்தது.

தம்பி இப்போது தேறிவிட்டான். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. சாப்பாட்டோடு கணையத்துக்கு ஒரு மாத்திரை. அவ்வப்போது ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். அவள் இல்லாமல் அவன் அங்கே போவதில்லை. போக விட மாட்டாள். “நல்ல டாக்டரம்மாதான் அண்ணி. உசிரைக் குடுத்தாங்க. இருந்தாலும் நாடி பாக்க அவ்வளவு நேரமா ஆகும்?” என்று திரும்பி வந்ததும் முறையிடுவாள். என் வீட்டுக்கும் இரண்டு பேருமாகத்தான் வருகிறார்கள். எனக்கென்று தனியாக அவன் ஒரு சாப்பாட்டு வேளைகூடக் கிடைப்பதில்லை.

அவன் வீடு திரும்பிய அன்றே பின்னறைப் பூட்டை அவளே திருகாணி கழற்றி எடுத்துவிட்டாள். கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. அதில் தம்பி காகிதம் சுருட்டி அடைத்து வைக்கிறான். நான் போகும்போதெல்லாம் அந்தக் காகிதம் தரையில்தான் கிடக்கிறது.

போன வாரமும் போயிருந்தேன். ஒரு மனிதருக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தாள், இயந்திரம் அலறியது. தம்பி எழுந்து பின்னறைக்குள் போனான். பாதிப் பல்லில் அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். கடையே அமைதியானது.

“என்னம்மா, கரண்டு போயிடுச்சா?” என்றார் அந்த மனிதர்.

பேசாதே என்று அவருக்கு ஒரு விரலைக் காட்டிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். முன்பு ஒரு நாள் அவன் கடைப் பூட்டுக்குக் காது கொடுத்தாளே, அதே சாய்ப்பு.

உள்ளே தண்ணீர் இழுக்கிற சத்தம் கேட்டது. “இருக்கேன்டி!” என்று குரல் வந்தது.

இயந்திரம் மறுபடி அலற ஆரம்பித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எதிர்ப் பக்கத்துத் தகரக் கூண்டு இப்போது காலி. சாவிக்காரி என் தம்பியின் கடைக்குள்ளேயே, அந்தப் பின்னறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாவி போடுகிறாள்.